நோட்டுத் துரையின் தோட்டமும் அறுபத்து மூன்றாம் எண்ணும்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இந்த வலைப்பக்கத்தில் எழுதுகிறவர்கள் கினபாலு மலை ஏறியவர்கள், காசிக்கும் இஸ்தான்புல்லுக்கும் போய் வந்தவர்கள். நான் போனது மலேசியாவுக்குள்ளேயே, ஈப்போவிலிருந்து தாப்பாவுக்கு. போக வர நூற்று ஐம்பத்தாறு கிலோமீட்டர். இதைப் பயணம் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதனால் உறவில் யாருக்கு என்ன படிவம் வந்தாலும் என்னிடம்தான் நீட்டுவார்கள். படிவம் நிரப்பிப் பழகிய கையோடு கட்டுரை எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஏன் எழுதத் துணிந்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஈப்போ பழைய நகரத்துப் பழைய புத்தகக் கடை ஒன்றில், பன்னிரண்டு மலேசிய வெள்ளி கொடுத்து, நீல அட்டை போட்ட மெல்லிய ஆங்கிலப் புத்தகம் ஒன்றை வாங்கினேன். பிரிட்டனின் கன்சர்வேடிவ் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு அது. அவர் இறந்தபின் தொகுதிக் கட்சிக் கிளைக்காரர்கள் தங்களுக்காக அச்சிட்டுக்கொண்டது. ஓர் அத்தியாயத் தலைப்பில் 'பேராக்' என்றிருந்தது. எங்கள் மாநிலத்தின் பெயரான அந்த ஒரு சொல்லுக்காகத்தான் வாங்கினேன்.

அவர் பெயர் எட்வின் மார்ஷ்கேட். பாதிரியார் வீட்டு நான்காவது மகன், படிப்பு சுமார். முதல் உலகப் போரில் காலில் காயம் பட்டுத் திரும்பி, ஊரில் வேலை கிடைக்காமல், 1920களின் தொடக்கத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார். தாப்பாவுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் சின்ன துரையாக, அதாவது உதவி மேலாளராகச் சேர்ந்தார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மலேரியாக் காய்ச்சலோடு இங்கிலாந்து திரும்பினார். தென்பகுதியில் ஒரு சந்தை நகரத்தில் கன்சர்வேடிவ் கட்சி அவரை நிறுத்தியது. முதல் தேர்தலில் தோற்றார். அடுத்ததில் வென்றார். பிறகு தோற்கவே இல்லை. துணை அமைச்சராகச் சில காலம் இருந்துவிட்டு, முதுமையில் பிரபுக்கள் சபைக்குப் போனார். மலாயா சுதந்திரத்துக்கு இன்னும் தயாராகவில்லை என்று சபையில் எழுந்து பேசியவர். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பெரிய வரலாற்றில் அவருக்கு இடமில்லை. ஆனால் தொகுதிக்காரர்கள் ஒரு விஷயத்தை மறக்கவில்லை. அவர் ஒருமுறை கேட்ட பெயரை மறப்பதே இல்லையாம். சந்தையில் முட்டை விற்கும் பெண்ணிடம், ஐந்து வருடத்துக்கு முன் ஒரே ஒரு தடவை சொன்ன அவள் தம்பியின் பெயரைச் சொல்லி, "எப்படியிருக்கிறான்?" என்பாராம். எதிர்க்கட்சிக்காரர்கள், பின்னால் ஒருவன் நின்று காதில் ஓதுகிறான் என்று கேலி செய்தார்களாம். இந்த வித்தையை எங்கே கற்றீர்கள் என்று கேட்டால், பேராக்கில், விடிவதற்கு முன், வரிசையில் நின்றவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கற்றேன் என்பாராம்.

அதாவது, பெரட்டு. தோட்டத்தில் அதிகாலையில் எல்லாரையும் திடலில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. என் அம்மா தோட்டத்தில் பிறந்தவர். நான் பள்ளிக்குப் போன காலம் முழுக்க "எழுந்திரு, பெரட்டுக்கு நேரமாச்சு" என்றுதான் எழுப்புவார். அந்தச் சொல்லிலிருந்து ஒருவர் லண்டன் நாடாளுமன்றம் வரைக்கும் நடந்து போயிருக்கிறார் என்பதைப் படித்த அன்று வெகு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

புத்தகத்தின் நடுவில் ஒரு படம். அவர் தோட்டத்தில் வைத்திருந்த சட்டைப்பை நோட்டின் ஒரு பக்கம். ஒன்று முதல் நாற்பது வரை தொழிலாளர் எண்கள், எதிரே காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் பெயர், அதன்பின் ஆளை நினைவில் வைக்கச் சின்னக் குறிப்பு. படத்தின் கீழே தோட்டத்தின் ஆங்கிலப் பெயர் இருந்தது. அம்மாவுக்கு அது தெரியவில்லை. ஆற்றுப் பாலம், மேட்டில் பங்களா என்று அடையாளம் படித்துக் காட்டியதும், "அட, நோட்டுத் துரை தோட்டம்!" என்றார். எப்போதும் கையில் நோட்டோடு திரிந்ததால் ஆட்கள் வைத்த பெயர். துரையின் சொந்தப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. அங்கே இப்போது மிஞ்சியிருப்பது பழைய இடுகாடு ஒன்றுதான் என்று தாப்பாவிலிருக்கும் அம்மாவின் தோழி சொன்னார்.

தீபாவளி முடிந்து இரண்டாவது சனிக்கிழமை கிளம்பினேன். எங்கள் வீடு குனோங் ராபாட்டில், சுண்ணாம்பு மலைகளின் அடியில். காலை 6.40க்கு வாசலில் வாடகைக் காருக்காக நின்றபோது மலையின் இடுப்பு வரை பனி. மேலே வெள்ளைப் பாறை மட்டும் எதையும் பிடிக்காமல் நின்றது. இருபத்து நான்கு வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் பழகவில்லை. பேருந்து நிலையத்துக்கு ஏழு கிலோமீட்டர், ஒன்பது வெள்ளி. தாப்பா பேருந்து 7.30க்கு என்றார்கள், 7.50க்குப் புறப்பட்டது. கட்டணம் ஏழு வெள்ளி இருபது காசு. அறுபது கிலோமீட்டருக்கு ஒன்றே முக்கால் மணி நேரம், ஏனென்றால் வழியில் யார் கை காட்டினாலும் நிற்கிறது. அவசரமில்லாதவர்களுக்கு நல்ல பேருந்து.

தாப்பாவில் காலைப் பசிக்கு ரொட்டி சானாயும் தே தாரேக்கும் நான்கு வெள்ளி ஐம்பது. அம்மாவின் தோழி சொல்லி வைத்திருந்த செல்வம் அண்ணன் பழைய வெள்ளைக் காரோடு காத்திருந்தார். போக, மூன்று மணி நேரம் நிற்க, திரும்பிவர அறுபது வெள்ளி.

"கேமரன் மலைக்குத்தானே தங்கச்சி? ஸ்ட்ராபெரி பாக்க?"

"இல்லண்ணே. தோட்டத்துக்கு." ஆங்கிலப் பெயரைச் சொன்னேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். நோட்டுத் துரை தோட்டம் என்றேன்.

"அத மொதல்லயே சொல்றதுதானே லா! அங்க என்னா இருக்கு? செம்பனையும் கொசுவும். தங்கறதுக்கு ஆளே இல்லயே."

"இடுகாடு பாக்கணும்ணே."

அவர் கண்ணாடி வழியாக ஒருமுறை என்னைப் பார்த்தார். "எல்லாரும் மலைக்குப் போய் போட்டோ எடுக்கறாங்க. நீங்க கல்லறைக்கு வாரீங்க. படிச்ச பிள்ளைங்களே இப்படித்தான்."

பதினொரு கிலோமீட்டர். கடைசி மூன்று செம்மண் பாதை, மழை பெய்திருந்தால் சின்னக் கார் போகாது. ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. ரப்பர் தாள்களைப் புகை போட்ட கூடத்தின் செங்கல் சுவர் ஒன்று மட்டும் நிற்கிறது, அதன் உச்சியில் ஆலஞ்செடி. அதற்கு எதிரே இருந்த வெற்றுத் தரையில் அண்ணன் காரை நிறுத்தினார். லாரிகள் திரும்புகிற இடம். "இதான் பெரட்டுத் திடல்னு எங்கப்பா சொல்வாரு" என்றார்.

இறங்கி நின்றேன். ஒரு பூப்பந்து ஆடுகளத்தைவிடக் கொஞ்சம் பெரிய இடம், அவ்வளவுதான். இங்கேதான் நூறு வருடத்துக்கு முன், அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில், பாஷை தெரியாத ஓர் இளைஞன் நோட்டைப் பிரித்துக்கொண்டு, தலையில் துணி கட்டிய மனிதர்களின் முகத்தையும் பெயரையும் பொருத்திப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். தாமதமாக வந்தவருக்கு அரைப் பேர், அதாவது பாதி நாள் கூலிதான், போட்டிருக்கிறான். பிறகு அந்தப் பழக்கத்தை எடுத்துக்கொண்டு போய் ஓட்டு வாங்கியிருக்கிறான். என் காலடியில் லாரி டயரின் தடமும் சேறும்.

"பேரெல்லாம் ஞாபகம் வச்சிருந்தாரு, சரி. சம்பளம் ஏத்துனாரா?" என்று கேட்டார் அண்ணன்.

"புத்தகத்துல இல்லண்ணே."

"அப்ப ஏத்தல."

இடுகாடு திடலிலிருந்து நடந்து பத்து நிமிடம், ஆற்றின் மேட்டில். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, அம்மாவின் தோழி மூலம் நான் வருவதை அறிந்திருந்த அஞ்சலை அக்கா மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு மண்வெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். அறுபத்தொரு வயது. தாப்பாவில் ஒரு பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் வேலை. சனிக்கிழமைகளில் இங்கே வந்து புல் வெட்டுகிறார். யாரும் கூலி கொடுப்பதில்லை.

"இந்தப் பொண்ணா? நான் என்னமோ பெரிய ஆளு வாராங்கன்னு புதுச் சட்டல்லாம் போட்டுட்டு வந்துட்டேன்" என்று சிரித்தார்.

புல்லுக்குள் வரிசையாகச் சிமெண்டுக் கட்டிகள், செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரியவை. பெரும்பாலானவற்றில் ஐம்பது காசு அளவில் ஒரு பித்தளை வில்லை பதிந்திருந்தது. வில்லையில் ஓர் எண். பெயர் எதிலும் இல்லை. அந்தக் காலத்தில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஓர் எண் உண்டு. ரப்பர் பால் வாளியில் அந்த வில்லையைக் கட்டியிருப்பார்கள், நிறுக்கும்போது யார் பால் என்று தெரிய. ஆள் இறந்தால் ஈரச் சிமெண்டில் அந்த வில்லையைப் பதித்துத் தலைமாட்டில் வைப்பது இந்தத் தோட்டத்தின் வழக்கம்.

"கணக்கு எழுதற ஆபீஸ் கிராணி சண்ட போட்டாராம், வில்ல தோட்டத்துச் சொத்து, திருப்பிக் குடு, புது ஆளுக்குத் தரணும்னு" என்றார் அக்கா. "நம்ம ஆளுங்க முடியாதுன்னுட்டாங்க. செத்தவங்க நம்பர கட்டிக்கிட்டு மரம் சீவப் போனா, அவங்களும் கூடவே மர நெரைக்கு வருவாங்களாம். ஒருத்தனும் தொட மாட்டேன்னுட்டான். அப்புறம் இந்த நோட்டுத் துரதான், போனவங்களோட போகட்டும், புது ஆளுக்குப் புது நம்பர் அடிங்கன்னாராம்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அப்படியென்றால் இங்கே ஓர் எண் என்றால் ஒரே ஓர் ஆள். அந்தப் பயத்தால்தான் எண்கள் கலக்காமல் இருக்கின்றன.

பையிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். முப்பத்தொரு கட்டிகளில் வில்லை மிஞ்சியிருந்தது. நான் மண்டியிட்டு ஈரத் துணியால் துடைத்து எண்ணைப் படித்தேன். அண்ணன் படத்தை வெயிலில் பிடித்துத் தேடினார். முதலில் கிடைத்தது பதினேழு.

"கத்தாய்னு போட்டிருக்கு. என்னா பேரு இது?" என்றார் அண்ணன். உடனே அவரே, "காத்தாயி லா! எங்க அத்த பேரு" என்றார்.

காத்தாயி, பேசுவதற்கு முன் சிரிப்பாள் என்று குறிப்பு. எட்டு, முனியன், இடது காது பாதி. இருபத்தொன்பது, சின்னக்கண்ணு, பாடினால் மற்றவர்கள் வேகமாக நடக்கிறார்கள். முப்பத்து நான்கு, பெரியசாமி, பொய் சொல்வான், நல்ல பொய். "நம்ம செல்வம் மாதிரி" என்றார் அக்கா. மொத்தம் பதினொரு பேர் கிடைத்தார்கள். நாற்பதுக்கு மேற்பட்ட எண்களுக்குப் புத்தகத்தில் பதில் இல்லை.

அக்கா மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று, பதினொரு பெயர்களையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். நான் கூச்சத்தில் மெதுவாகச் சொன்னேன். "சத்தமா சொல்லு, அவங்களுக்குக் கேக்கணும்ல" என்று பிறகு தானே கூப்பிட்டார். காத்தாயி! என்று கூப்பிட்டு, கொஞ்சம் நிறுத்தினார். அண்ணன் விளையாட்டாக, "வந்தேங்க!" என்றார். முனியன்! நிறுத்தினார். அண்ணன் இந்தத் தடவை தொப்பியைக் கழற்றிவிட்டார்.

அந்த இடைவெளியில்தான் புத்தகத்தின் கடைசி அத்தியாயம் எனக்குப் புரிந்தது. மார்ஷ்கேட் பிரபு கடைசி நாட்களில் மருத்துவமனைப் படுக்கையில் மணிக்கணக்காக ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாராம். ஒரு சொல், பிறகு யாரோ பதில் சொல்லக் காத்திருப்பதுபோல ஓர் இடைவெளி, பிறகு அடுத்த சொல். தாதி அதை வேற்றுமொழிப் பிரார்த்தனை என்று நினைத்தாராம். புத்தகம் எழுதியவர் ஜன்னி என்று ஒரே வரியில் முடித்திருந்தார். நான் நான்கு தடவை படித்தும் ஒன்றும் தோன்றவில்லை. அவர் பெரட்டு எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். அத்தனை தேர்தல், அத்தனை பேச்சு, பதவி, பட்டம் எல்லாம் உதிர்ந்தபின் அவர் வாயில் இவர்கள் மிஞ்சியிருந்தார்கள் என்றே நம்புகிறேன். நம்பாமல் இருக்க முடியவில்லை.

இதை அக்காவிடம் சொன்னேன். அவர், "அறுவத்து மூணையும் சொல்லியிருப்பாரா?" என்று கேட்டார்.

ஆற்றோரமாகக் கடைசிக் கட்டிக்கு அழைத்துப்போனார். மற்ற வில்லைகள் பச்சை பூத்துக் கிடக்க, இது மட்டும் தங்கமாக மின்னியது. அறுபத்து மூன்று. அக்காவுடைய அப்பாவின் அம்மா. அப்பா பதினொரு மாதக் குழந்தையாக இருந்தபோது பாட்டி காய்ச்சலில் போய்விட்டார். தாத்தாவும் அதே காய்ச்சலில் போனார், அவருடைய கட்டி வெள்ளத்தில் அடித்துப்போய்விட்டது. வளர்த்தவர்கள் வேறு தோட்டத்துக்காரர்கள். பெயர் சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. எண் மட்டும் மிஞ்சியது. அப்பா உயிரோடு இருந்தவரை ஒவ்வொரு தீபாவளிக்கு முந்தின நாளும் புளி போட்டு அந்த வில்லையைத் தேய்த்துவிட்டுப் படையல் வைப்பாராம். அவருக்குப் பின் அக்கா தேய்க்கிறார்.

"அப்பா ஐசி அட்டை எடுக்கப் போனப்ப, அம்மா பேர் என்னான்னு கேட்டாங்களாம். தெரியாதுன்னு எழுதிட்டாங்க. வீட்டுல பொண்ணு பொறந்தா பாட்டி பேர வைக்கணும்ல? எங்கப்பாவுக்கு வைக்கப் பேரில்ல. ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்ல இருந்த அம்மா பேரு அஞ்சலையாம். அத வச்சிட்டாரு." சிரித்துக்கொண்டே சொன்னார். நாங்கள் சிரிக்கவில்லை.

பிறகு கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து, நான் எதிர்பார்த்தது போலவே, என்னிடம் நீட்டினார். மலாயில் இருந்தது. இந்த மேட்டில் வீடுகள் வரப்போகின்றன. கல்லறைகளைத் தாப்பா பக்கம் மாற்றுகிறார்கள். உறவினர் வந்து பெயர் கொடுத்தால் தனிக் குழி, பெயர்ப் பலகை, தனிச் சடங்கு. பெயர் தெரியாதவர்களை ஒரே குழியில் சேர்த்து வைப்பார்கள். தைப்பூசம் முடிந்த வாரம் வேலை தொடங்கும். நம்பர் இருக்கிறதே, போதாதா என்று அக்கா கேட்டிருக்கிறார். படிவத்தில் பெயருக்குத்தான் கட்டம் இருக்கிறது என்றார்களாம்.

"நம்பர அவங்க ஒத்துக்கிட்டாலும் பூசாரி கேப்பாரும்மா, யார் பேருக்குப் பூசைன்னு. அறுவத்து மூணுன்னா சொல்ல முடியும்?" என்றார். புத்தகத்தை வாங்கி, நாற்பதோடு முடிகிற அந்தப் பக்கத்தின் ஓரத்தை விரலால் தடவினார். அடுத்த பக்கம் பின்னால் இருக்குமோ என்று திருப்பிப் பார்த்தார். பின்னால் ஒரு தேர்தல் ஊர்வலப் படம்தான் இருந்தது.

பன்னிரண்டரைக்குக் கிளம்பி, இரண்டு மணிப் பேருந்தைப் பிடித்து, நான்கு மணிக்கு வீடு சேர்ந்தேன். செலவு போக வர மொத்தம் தொண்ணூற்றாறு வெள்ளி தொண்ணூறு காசு, சாப்பாடு உட்பட. வழியெல்லாம் ஒரே யோசனை. இந்த மனிதர் எங்களுக்கு நல்லவரா என்று எனக்கு இன்னும் சொல்லத் தெரியவில்லை. எங்கள் விடுதலைக்கு எதிராகப் பேசியவர். கூலியில் பாதி வெட்டியவர். ஆனால் காத்தாயி பேசுவதற்கு முன் சிரிப்பாள் என்பதை உலகத்தில் எழுதி வைத்தவர் அவர் ஒருவர்தான்.

நீங்களும் போக நினைத்தால் மழையில்லாத வாரமாகப் பார்த்துப் போங்கள், காலை பத்துக்குள் அங்கே இருங்கள். முழுக்கால் சட்டை அவசியம், அட்டைப்பூச்சி உண்டு. திடலுக்குப் பிறகு தண்ணீரும் கிடையாது, கைப்பேசித் தொடர்பும் கிடையாது. தாப்பா நிலையத்திலேயே கழிப்பறைக்குப் போய்விடுங்கள், ஐம்பது காசு. வில்லைகளைக் கத்தியால் சுரண்டாதீர்கள், ஈரத் துணி போதும். தைப்பூசத்துக்குப் பிறகு போனால் பார்க்க ஒன்றும் இருக்காது.

இனி, நான் இதை எழுதத் துணிந்த காரணம்.

அந்த நோட்டு இங்கிலாந்தில், அவர் தொகுதி இருந்த மாவட்டத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. மூன்று தடவை எழுதி அழித்து ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். மரியாதையாகப் பதில் வந்தது. நோட்டு பத்திரமாக இருக்கிறது, இன்னும் படியெடுக்கப்படவில்லை, படி கேட்டவர்களின் வரிசை நீளம், ஏப்ரலுக்கு முன் முடியாது. நேரில் வருகிறவர் யாரும் வேலை நாட்களில் பார்க்கலாம். எனக்கு அங்கே ஒருவரையும் தெரியாது. இந்தப் பக்கத்தை லண்டனிலும் லெஸ்டரிலும் இருந்து படிக்கிறவர்கள் இருக்கிறீர்கள் என்று பின்னூட்டங்களில் பார்த்திருக்கிறேன். லண்டனிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம். முகவரியையும் நோட்டின் குறிப்பு எண்ணையும் உடனே அனுப்புகிறேன்.

அந்த நோட்டில் அக்காவின் பாட்டி இல்லாமலும் போகலாம். அதனால் இந்த வேண்டுகோளைப் பற்றி அக்காவிடம் நான் சொல்லவில்லை.

உங்களில் யாராவது ஒரு நாள் ஒதுக்கிப் போய், நாற்பதுக்கு அடுத்த பக்கத்தைத் திருப்பி, அறுபத்து மூன்றுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியுமா? படம் எடுக்க விடாவிட்டால் கையால் எழுதி அனுப்புங்கள். அவர் காதில் விழுந்ததை எழுதியவர், எழுத்து தப்பாகத்தான் இருக்கும். அதனால் தயவுசெய்து எழுதும் முன் அந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டுக் கூப்பிட்டுப் பாருங்கள்.